ஆர்கன்சாவில் இறங்கிய விமானம்

வெர்லன் ஸ்டூக்ஸ் முப்பத்தொரு வருடம் மின்சாரக் கூட்டுறவுச் சங்கத்தில் மீட்டர் பார்த்தவர். தெற்கு அலபாமாவின் ப்ரூயிட் ஊரில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எது குரைப்பதோடு நிறுத்திக்கொள்ளும் என்பது அவருக்குத்தான் தெரியும். மனிதர்களைப் பற்றி அந்த அளவுக்குத் தெரியாது. வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் காதில் வாங்காமல் சுவரில் இருக்கும் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொண்டு போவதுதான் அவர் வேலையாக இருந்தது. "மனுஷன் பொய் சொல்லுவான், மீட்டர் சொல்லாது" என்பார். ஓய்வு பெற்று ஐந்து வருடம் ஆகிறது. அந்த நம்பிக்கை மட்டும் ஓய்வு பெறவில்லை.

அறுபத்து மூன்று வயதில் ஒருவருக்கு என்னென்னவோ கவலைகள் இருக்கலாம். வெர்லனுக்கு ஒன்றுதான். ட்ரெவிட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அணிக்கு, பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்து அணிக்கு, அடுத்த வருடம் எந்தெந்தப் பையன்கள் வருவார்கள்? அவர் அங்கே படித்தவர் இல்லை. மகள் அங்கே விண்ணப்பிக்கட்டுமா என்று கேட்டபோது ரொம்பத் தூரம் என்று சொல்லிவிட்டார். அதே தூரத்தை ஆட்டம் பார்க்க வருடத்துக்கு ஏழு முறை வண்டி ஓட்டிக்கொண்டு போகிறார். வீட்டு முன்னறையை அணியின் செம்பழுப்பு நிறத்தில் அடித்திருக்கிறார். அவர் மனைவி ஜாய்லீன் தன் நாற்காலியைப் படுக்கையறைக்கு நகர்த்திக்கொண்டுவிட்டார்.

இந்த ஊர்ப்பக்கம் பதினேழு வயதுப் பையன்களுக்கு ஹோட்டல்களுக்குப் போடுவதுபோல நட்சத்திரம் போடுகிறார்கள். இவன் மூன்று நட்சத்திரம், அவன் நான்கு. வெர்லனிடம் அவருடைய பேரன் எத்தனையாவது வகுப்பு என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். டெக்சஸில் எங்கோ இருக்கும் ஒரு பையனின் தோள் அகலத்தைக் கேட்டால் யோசிக்க மாட்டார்.

காலை ஆறு மணிக்கு டியூபெரி பெட்ரோல் பங்கின் உள்ளே, காபி இயந்திரத்துக்குப் பக்கத்து மேசையில் நாங்கள் உட்காருவோம். வெர்லன், கேஸ் லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ஹாய்ட் பிக்ரன், நான். பன் மாதிரி மெத்தென்று இருக்கும் எங்கள் ஊர் பிஸ்கட்டைச் சூடாக நடுவில் பிளந்து சாசேஜ் வைத்துத் தருவார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு ட்ரெவிட் அணியின் கோச் டெல் ராஸ்மரை நாங்கள் தினமும் வேலையை விட்டுத் துரத்துவோம், இல்லையென்றால் திரும்ப எடுத்துக்கொள்வோம்.

ராஸ்மர் வந்து மூன்று வருடம். முன்பிருந்த கோச்சுகள் இந்த மாநிலத்துப் பள்ளிகளில் பையன்களைத் தேடிப் பிடித்து நான்கு வருடம் வைத்து வளர்ப்பார்கள். ராஸ்மர் அப்படி இல்லை. ஒரு கல்லூரியில் ஆடிக்கொண்டே இன்னொன்றுக்குத் தாவ விரும்புகிற பையன்கள் பெயர் பதிகிற பட்டியல் ஒன்று உண்டு. அவர் அதிலிருந்துதான் ஆள் எடுக்கிறார். வெர்லன் அவர்களுக்கு வைத்த பெயர் வாடகைப் பையன்கள்.

"புதுசா வந்த இருபத்திரண்டு பேர்ல பத்தொம்பது பேர் வேற எடத்துல ஆடிட்டு வந்தவன். ஒருத்தனுக்காவது நம்ம காலேஜ் பாட்டு தெரியுமாய்யா?"

"உனக்குத் தெரியுமா?" என்றார் ஹாய்ட்.

"மொதல் ரெண்டு வரி தெரியும்."

"போன வருஷம் எட்டு ஆட்டம் ஜெயிச்சுதே, அது யாரு ஆடினது? உன் மாமனாரா?"

"ஜெயிச்சா போதுமா?"

"தோத்தா கத்தறது நீதானே. இங்க பாரு, பள்ளிக்கூடத்துப் பையனக் கொண்டாந்து நாலு வருஷம் ஊட்டி வளக்கணும். அவன் தேறின அன்னிக்கு அடுத்த காலேஜ்காரன் தூக்கிட்டுப் போயிடறான். ராஸ்மர் மண்டை உள்ளவன். வளந்த மாட்டத்தான் வாங்குவேங்கிறான்."

"மண்டை இருந்தா போதுமா, வாக்கு வேணாமா? இவனுங்க இன்னிக்கு உனக்குத்தாங்கறான், நாளைக்கு இன்னொருத்தனுக்குங்கறான். குடுத்த வாக்குக்கு மரியாத இல்லாதவன வெச்சு என்னய்யா டீம்?"

இந்தப் பேச்சு வாரத்தில் மூன்று நாளாவது நடக்கும். இரண்டு பேரும் எதிரெதிராகப் பேசுவதுபோல் இருக்கும். உண்மையில் அவர்கள் பேசியது ஒன்றைத்தான், யாரோ பெற்ற பிள்ளைகளை எப்படிச் செலவழிப்பது என்று. அந்தப் பிள்ளை என்ன நினைப்பான் என்ற கேள்வி எங்கள் மேசைக்கு வந்ததே கிடையாது. எனக்கும் அது தோன்றவில்லை. பிஸ்கட் சூடாக இருந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஜார்வெல் கெல் என்று ஒருவன் ஆடினான். பந்தை எறியப்போகிறவனைப் பாய்ந்து பிடித்துக் கீழே தள்ளுவது அவன் வேலை. மூன்று நட்சத்திரம். அவன் அம்மா ரெனெட்டா கெல், வண்டிகளுக்கு எண் பட்டை புதுப்பித்துத் தரும் கவுண்டி அலுவலகத்தில், அதாவது எங்கள் மாவட்ட அலுவலகத்தில், முதல் கவுன்ட்டரில் உட்காருபவர். எங்கள் கவுண்டியிலிருந்து ஒரு பையன் ட்ரெவிட் அணிக்குப் போய் இருபத்தாறு வருடம் ஆகியிருந்தது. வெர்லனுக்கு ஜார்வெல் போயே தீர வேண்டும். வியாழக்கிழமைதோறும் கோச் ரேடியோவில் ரசிகர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்வார். பதினோரு வாரம் வெர்லன் விடாமல் கூப்பிட்டார்.

"ப்ரூயிட்லேர்ந்து வெர்லன் பேசறேன், கோச். நம்ம கொல்லையிலயே ஒரு பையன் நிக்கறான். நீங்க வாக்கு மாறுற பசங்களத் தேடி ஊரான் வேலிக்கு அந்தப் பக்கமே எட்டிப் பாத்துட்டிருக்கீங்க."

"கூப்பிட்டதுக்கு நன்றி, வெர்லன்" என்பார் கோச். அடுத்த அழைப்பு வந்துவிடும். மறுநாள் காலை ஹாய்ட் அதே குரலில் "கூப்பிட்டதுக்கு நன்றி, வெர்லன்" என்று சொல்லிக்கொண்டே சர்க்கரையை நகர்த்துவார்.

டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோச் ராஸ்மர் ரெனெட்டாவைத் தொலைபேசியில் கூப்பிட்டார். அணியில் ஒரே ஒரு இடம் மிச்சம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்தரைக்குள் வீட்டுக்கு வந்து நேரில் பேசி உறுதி செய்கிறேன் என்றார். புதன்கிழமை காலை நாடெங்கும் பையன்கள் கையெழுத்துப் போடுகிற நாள். ஆனால் இருநூறு மைல் தள்ளியிருந்த கொலியர் என்ற சின்னக் கல்லூரியும் ஜார்வெல்லுக்கு ஓர் இடம் வைத்திருந்தது. அந்தக் கோச்சுக்குச் செவ்வாய் மாலை ஆறு மணிக்குள் பதில் வேண்டும். அதே இடத்துக்கு ஜார்ஜியாவில் இன்னொரு பையன் காத்திருந்தான். அணியில் இடம் கிடைத்தால் படிப்புச் செலவைக் கல்லூரியே ஏற்கும். இரண்டு இடமும் கைநழுவிப் போனால் ஜார்வெல்லுக்குக் கல்லூரி கிடையாது, மரக்கடை வேலைதான். ரெனெட்டா இதைக் கவுன்ட்டரில் ஒருவரிடம் சொன்னார். திங்கட்கிழமை மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது.

இனி விமானம்.

ட்ரெவிட் கோச் பயணம் செய்ய ஒரு சிறிய விமானம் இருக்கிறது. அதன் வாலில் எழுதியிருக்கும் எண் ரசிகர்களுக்கெல்லாம் மனப்பாடம். எந்த விமானம் எங்கே பறக்கிறது என்று காட்டும் வரைபடம் போனிலேயே வருகிறது. ஆள் சேர்க்கும் நாட்களில் வளர்ந்த ஆண்கள் ஆயிரக்கணக்கானோர் வேலையை விட்டுவிட்டு ஒரு மஞ்சள் புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். புள்ளி இறங்கும் ஊரில் எந்தப் பையன் இருக்கிறான் என்று கண்டுபிடிப்பார்கள். பிறகு இணையத்தில் அதை அறிவித்துவிட்டு, ஏதோ தாங்களே போய்வந்ததுபோல் களைத்துப்போவார்கள். வெர்லன் இதில் கைதேர்ந்தவர். சுவரில் மீட்டர் பார்த்த கண், வானத்தில் பார்க்கத் தொடங்கியிருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றே முக்காலுக்கு விமானம் கிளம்பியது. ப்ரூயிட் இருப்பது தெற்கே. புள்ளி மேற்கே போனது. மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு சிறிய ஓடுபாதையில் இறங்கியது. அங்கிருந்து பன்னிரண்டு மைலில், பந்தை ஓடிப் பிடிப்பதில் பெயர் வாங்கிய ஒருவன், பட்டியலில் பெயர் பதிந்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தான். வெர்லன் ரசிகர்களின் இணையப் பக்கத்தில் எழுதினார்: "ராஸ்மர் ஆர்கன்சாவில். இன்னொரு வாடகைப் பையன். உள்ளூர்ப் பையனைக் கைகழுவியாச்சு."

அதோடு நின்றிருக்கலாம். நான்கு மணிக்குக் கவுண்டி அலுவலகத்துக்கு வந்தார். என் வண்டிக்கு எண் பட்டை வாங்க நான் அன்று வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

"மிஸ்டர் வெர்லன், டோக்கன் எடுத்துட்டு உக்காருங்க" என்றார் ரெனெட்டா நிமிர்ந்து பார்க்காமல்.

"வண்டி விஷயமா வரல, மிஸ் ரெனெட்டா. பையன் விஷயம்." போனைக் கண்ணாடித் தடுப்புக்கு அடியில் தள்ளினார். "கோச் வரமாட்டார். ஆர்கன்சாவுல இருக்கார். பாருங்க."

ரெனெட்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் புள்ளியைப் பார்த்தார்.

"இதுக்குள்ள அவர்தான் இருக்கார்னு எப்படித் தெரியும்?"

"கோச்சோட விமானம் மேடம். அதுல வேற யாரு போவா?"

"யாரு வேணாலும் போலாம்."

"நான் முப்பத்தொரு வருஷம் மீட்டர் பாத்தவன். ஆளு என்ன சொல்றான்னு பாக்கறதில்ல, முள்ளு எங்க நிக்குதுன்னு பாப்பேன். இங்க நிக்குது. எறங்கி ஒரு மணி நேரம் ஆச்சு, திரும்பக் கிளம்பல. அஞ்சரைக்கு எப்படி வருவார்?"

ரெனெட்டா தன் போனை எடுத்துக் கோச்சைக் கூப்பிட்டார். பதிவுக் குரல் வந்தது. மறுபடி கூப்பிட்டார். அதே குரல்.

"இதச் சொல்லத்தான் வந்தீங்களா?"

"வேற யாராவது சொல்லி நீங்க கேக்கறதுக்கு முன்னாடி நான் சொல்லிடணும்னு வந்தேன். கையில இருக்கறத விட்டுறாதீங்க. அந்தாளு வாக்குக்கு நிக்கறவன் இல்ல."

இரக்கப்பட்டுத்தான் வந்தார், அதை மறுக்க மாட்டேன். ஆனால் இரக்கத்தைவிட முதலாவதாகச் சொல்லும் ஆசைதான் அவரை அவ்வளவு வேகமாக ஓட்டிக்கொண்டு வந்தது. ரெனெட்டா நன்றி என்றார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். அது நான்தான். என் பட்டையில் ஒட்ட வேண்டிய வில்லையைக் கொடுத்த கையோடு மறுபடி கோச்சைக் கூப்பிட்டார்.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, ரெனெட்டா கொலியர் கோச்சைக் கூப்பிட்டு மகன் வருகிறான் என்று வாக்குக் கொடுத்தார். ஆறு இருபதுக்கு அவர் வீட்டு வாசலில் சேறு தெறித்த ஒரு வேன் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் கோச் டெல் ராஸ்மர்.

வழியில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு மர லாரி கவிழ்ந்து கிடந்ததாம். ஒன்றரை மணி நேரம் பைன் காட்டுக்குள் நின்றிருக்கிறார். ப்ரூயிட் வரும்வரை அந்த வழியில் போன் எடுக்காது. விமானமா? அதில் உதவிக் கோச் ஒருவர் போயிருந்தார். முக்கியமான வீட்டுக்குப் போவதென்றால் ராஸ்மர் ஒரு வருடமாகவே சாலை வழியாகத்தான் போகிறார். தன் ரசிகர்கள் புள்ளியைப் பார்த்துச் செய்கிற அறிவிப்பைப் படித்து மற்ற கல்லூரிக் கோச்சுகள் முந்திக்கொள்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் விமானத்தை எதிர்த்திசையில் அனுப்பிவிட்டு வேனில் கிளம்புவார். திறமையான ஏற்பாடு. ஊரையே ஏமாற்றலாம், காத்திருக்கிற அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் உண்மையைச் சொல்லி வைத்திருக்க வேண்டும் என்பது அந்தத் திறமைக்குள் அடங்கவில்லை.

"நாளைக்குக் காலைலதானே கையெழுத்து" என்று கோச் ரெனெட்டாவிடம் சொல்லியிருக்கிறார். "அதுக்கு முன்னாடி சொன்னதெல்லாம் கணக்கில்ல. எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க."

ரெனெட்டா அவருக்குக் குடிக்கத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். ஜார்வெல் தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட வரவில்லை.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குப் பள்ளி உள்விளையாட்டுக் கூடத்தில் கூட்டம் சேர்ந்தது. இது ஒரு வழக்கம். பையனை மேசைக்குப் பின்னால் உட்கார வைத்து, அவனைக் கேட்கிற கல்லூரிகளின் தொப்பிகளை வரிசையாக வைப்பார்கள். அவன் கையை ஒவ்வொன்றின் மேலும் கொண்டுபோய்க் கொண்டுபோய் இழுத்து, கடைசியில் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வான். கூட்டம் கத்தும். ஜார்வெல்லின் மேசையில் ஒரே ஒரு தொப்பி இருந்தது. கொலியரின் மஞ்சள்.

வெர்லன் கையில் செம்பழுப்புத் தொப்பியோடு வந்தார். விலைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கோச் வந்துபோன செய்தி அவருக்கு இரவே தெரிந்துவிட்டது. ரெனெட்டா கூடத்தின் வாசலில் நின்றிருந்தார். ஹாய்ட்டும் நானும் பின்னாலேயே போனோம்.

"மிஸ் ரெனெட்டா, கோச் நேத்து வந்தாராமே."

"வந்தார்."

"அப்பறம் என்ன? அந்த மஞ்சளை எடுத்துட்டு இத வைங்க. இன்னும் கையெழுத்தே போடலயே."

"வாக்குக் குடுத்துட்டேன், மிஸ்டர் வெர்லன்."

"போன்ல சொன்னதுதானே. இந்தக் காலத்துல அதெல்லாம் யாரு பாக்கறா?"

ஹாய்ட் இருமினார். வெர்லனுக்குத் தான் சொன்னது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.

"நான் சொன்ன கையோட கொலியர் கோச் அந்த ஜார்ஜியாப் பையனுக்கு எடம் இல்லன்னு சொல்லிட்டார்" என்றார் ரெனெட்டா. "அவனுக்கும் ஒரு அம்மா இருப்பா. நேத்து அவ எப்படி இருந்திருப்பான்னு எனக்குத் தெரியும். நாலு மணிலேர்ந்து ஆறு மணி வரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன்."

"ஆனா இது ட்ரெவிட் ஸ்டேட், மேடம்."

"பதினோரு வாரம் ரேடியோவுல சொன்னீங்க, வாக்கு மாறுற பசங்கன்னு. எம்மவன் சாப்பிடும்போது கேக்கறது அந்த நிகழ்ச்சியத்தான்." தொப்பியை அவர் கையிலிருந்து வாங்கி, விலைச் சீட்டை உள்ளே மடித்துவிட்டு, திரும்ப அவர் கையிலேயே வைத்தார். "இன்னொண்ணு. கோச் உங்களப் பத்திக் கேட்டார். ப்ரூயிட்ல வெர்லன்னு ஒருத்தர் வாராவாரம் தொல்லை குடுக்கறார், அது தாங்காமத்தான் எம்மவன் ஆடின வீடியோவையே எடுத்துப் பாத்தாராம். உங்ககிட்டச் சொல்லணும்னு தோணுச்சு."

சொல்லிவிட்டு அவர் உள்ளே போய் மகனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஜார்வெல்லின் கண்கள் வீங்கியிருந்தன. கூட்டத்தில் யாரோ கேட்டார்கள், "என்னடா, ஒரே ஒரு தொப்பிதானா?"

"தலை ஒண்ணுதானே இருக்கு" என்றான். மஞ்சள் தொப்பியை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். சிரிக்கவில்லை.

நான் எளிதில் யாரையும் புகழ்கிறவன் இல்லை. ரெனெட்டா செய்தது அவர் மகனுக்கு நல்லதா என்று இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது. வாக்கைப் பற்றி எங்கள் ஊரில் எல்லோரும் பேசியிருக்கிறார்கள், அதற்காகக் கையிலிருந்து ஒன்றை இழந்தவர் அவர் ஒருவர்தான் என்பது மட்டும் தெரியும்.

மறுநாள் காலை மேசையில் வெர்லன் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார்.

"ராஸ்மர் அந்தப் பையன யாரால பாத்தாரு? என்னால. அவரே அந்தம்மாகிட்டச் சொல்லியிருக்காரு, வெர்லன் சொல்லித்தான்னு."

"தொல்லைன்னு சொன்னதா நான் கேட்டேன்" என்றார் ஹாய்ட்.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"சரி, அப்பறம் பையன் ஏன் வரல?"

"லேட்டா வந்தான்யா அந்தாளு. உள்ளூர்ப் பையன்னா அவ்வளவு எளக்காரம். வாடகைப் பையன்னா விடியறதுக்கு முன்னாடியே போய் நின்னிருப்பான்."

நாற்பது நிமிடம் பேசினோம். கோச்சின் அகம்பாவம், லாரி கவிழ்ந்தது நிஜமா, ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பியிருக்கக் கூடாதா, எல்லாம் வந்தது. கவுன்ட்டர் வரவில்லை, விமானம் வரவில்லை. ஹாய்ட்டுக்குக் கவுன்ட்டரில் நடந்தது தெரியாது. எனக்குத் தெரியும். நான் பிஸ்கட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். வெர்லன் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அவர் நினைவில் அந்தச் செவ்வாய்க்கிழமை நான்கு மணி அதற்குள் அழிந்துபோயிருந்தது. விமானம் எங்கே இருக்கிறது என்று பார்த்தார், ஆர்கன்சாவில் இருந்தது. எண் சரி. எண் சரியாக இருக்கும்போது மனிதர் தவறியிருக்க முடியாது என்பதுதான் முப்பத்தொரு வருடத்தில் அவர் கற்றுக்கொண்ட பாடம்.

செப்டம்பரில் கொலியர் அணி ட்ரெவிட் மைதானத்துக்கு ஆட வந்தது. பருவத் தொடக்கத்தில் பெரிய அணி அடித்துப் பழகுவதற்குச் சின்னக் கல்லூரி ஒன்றைக் கூப்பிடுவார்கள், அப்படி. நாற்பத்து நான்குக்குப் பத்து என்று தோற்றார்கள். மூன்றாம் பகுதியில் ஜார்வெல்லை உள்ளே இறக்கினார்கள். பந்தெறியும் ட்ரெவிட் பையனை இரண்டு முறை மண்ணைக் கவ்வ வைத்தான். மைதானத்தின் மூலையில் மஞ்சள் உடை போட்ட சின்னக் கூட்டத்தில் ரெனெட்டா எழுந்து நின்றது எங்கள் இருக்கைகளிலிருந்து தெரிந்தது. வெர்லன் அந்தப் பக்கம் கையை ஆட்டினார். ரெனெட்டா ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஊர்ப் பையன்" என்றார் வெர்லன், பின்வரிசைக்காரரிடம் திரும்பி. "கோச்சுக்கு அவனக் காட்டிக் குடுத்ததே நான்தான்."

"அப்பறம் ஏன் அந்தப் பக்கம் ஆடறான்?"

"அத அந்தாளு கிட்டத்தான் கேக்கணும்."

உட்கார்ந்து சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். கோச் எங்களுக்கு எதிரே, மைதானத்தில் போட்ட வெள்ளைக் கோட்டின் ஓரத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். வெர்லன் வரைபடத்தைத் திறந்து மஞ்சள் புள்ளியைத் தேடினார். விமானம் கொட்டகையில்தான் இருந்தது. உறுதியானதும் போனை உள்ளே வைத்தார்.